சைக்கிளோடு கப்பலால் இறங்குபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

உல்லாசப் பயணக் கப்பலொன்று எமது துறைமுகத்துக்கு வந்துவிட்டால் போதும், முகநூல் நிறைந்துவிடுகிறது. மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் வெள்ளைக் கப்பலின் படம். அதற்குக் கீழே "டொலர் வந்து இறங்குது" என்றொரு வசனம். அதே படங்களுக்கு நடுவே, மடக்குச் சைக்கிள் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியால் இறங்கும் ஒரு பயணியின் படமும் அகப்பட்டுவிட்டால் கருத்துகளின் தொனியே மாறிவிடுகிறது. "கப்பலுக்குக் கட்டக் காசிருக்கு, ஆட்டோவுக்குக் குடுக்கக் காசில்லையாம்." "இதுகளால நாட்டுக்கு என்ன பிரயோசனம்?"

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத நினைத்தோம். நாம் சுற்றுலாத்துறை அதிகாரிகள் அல்ல, பாடசாலை ஆசிரியர்கள். ஆனால் வரவு செலவுக் கணக்கை நாள்தோறும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்தக் கணக்கை இந்தக் கப்பல் விடயத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏசி பஸ்ஸில் ஏறிப் போகும் நாற்பது பேரைவிட, நீங்கள் கஞ்சன் என்று சிரித்த அந்தச் சைக்கிள்காரர் எமது ஊருக்கு அதிகம் தருபவர் என்ற விடைதான் வரும். பொறுமையாக வாசியுங்கள், கணக்கைக் காட்டுகிறோம்.

முதலில் இந்தக் கப்பல் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய "ஐகொன் ஒஃப் த சீஸ்" என்ற கப்பல் நிறைந்து போனால் 7,600 பயணிகளை ஏற்றும். எமது பக்கம் வருகின்ற கப்பல்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனாலும் வியாபாரத்தின் அமைப்பு ஒன்றேதான். படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி எல்லாம் கப்பலுக்குள்ளேயே. பயணி எங்கே காசு செலவழித்தாலும் அது கம்பனியின் பெட்டிக்குள் விழ வேண்டும் என்பதற்காகவே அந்தக் கப்பல் கட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் கரையில் இறங்கும்போதாவது ஊருக்குக் கிடைக்காதா? அங்கேயும் கம்பனி முந்திக்கொள்கிறது. கரைச் சுற்றுலா என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பயணி அந்தப் பயணத்தைக் கப்பலிலேயே காசு கட்டி எடுப்பார். அதில் கம்பனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முகவருக்குக் கொடுக்கும். முகவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு பஸ்காரருக்கும் வழிகாட்டிக்கும் கொடுப்பார். இத்தனை கைமாறிய பிறகு ஊர்க் கடைக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு தந்திரமும் உண்டு. கப்பல் காலையில் வந்து மாலையில் போகிறது. புறப்படுவதற்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்னதாகவே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். கம்பனியின் சொந்தச் சுற்றுலா பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதித்தால் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு அவர் சொந்தக் காசில்தான் போய்ச் சேர வேண்டும். இந்தப் பயம் ஒன்றே போதும், பெரும்பாலானோர் பேசாமல் கம்பனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

பஸ் எங்கே போகிறது? திருகோணமலையில் இறங்கியவர்களை நேரே சிகிரியாவுக்குக் கொண்டு போகிறார்கள். கொழும்பில் இறங்கியவர்களைப் பின்னவலைக்கு, கண்டிக்கு. அம்பாந்தோட்டையில் இறங்கியவர்களை யாலக் காட்டுக்கு. போவதும் வருவதுமாகப் பாதி நாள் பஸ்ஸுக்குள்ளேயே கழிந்துவிடும். நடுவில் பஸ் நிற்கும் இடம்கூட முன்னதாகவே பேசி வைத்த கடைதான். துறைமுகம் எமது ஊரில், புகை எமது ஊரில், வீதி நெரிசல் எமது ஊரில். ஊரோ கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறையும் ஒரு காட்சி மாத்திரம். தேநீர்க் கடைக்காரர் கையைக் காட்டுவார், பஸ் போய்விடும்.

இப்போது அந்தச் சைக்கிள்காரரைப் பாருங்கள்.

தன் சொந்தச் சைக்கிளைக் கப்பலில் கொண்டு வருவது லேசான வேலை அல்ல. கப்பல் அறை சின்னது. கட்டிலுக்குக் கீழே அல்லது அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியதாக, 16 அங்குலம் அல்லது 20 அங்குலச் சில்லுள்ள மடக்குச் சைக்கிளைத்தான் பெரும்பாலானோர் கொண்டு வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ பாரம். இங்கிலாந்தின் பிரொம்ப்டன் சைக்கிள் இதற்குப் பேர்போனது. எல்லாக் கம்பனியும் அனுமதிப்பதில்லை. அனுமதிப்பவையும் முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லும். மின்சாரச் சைக்கிள் என்றால் லித்தியம் பற்றரி தீப்பிடிக்கும் என்ற பயத்தில் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். கப்பல் கரையில் கட்டாமல் கடலில் நங்கூரமிட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கும் இடங்களில் சைக்கிளைக் கொண்டு போவது அநேகமாக நடவாத காரியம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் ரயரில் வேற்று நாட்டு மண் ஒட்டியிருந்தால் கழுவித் துப்புரவாக்காமல் உள்ளே விடமாட்டார்கள்.

இவ்வளவு தொல்லையையும் ஒருவர் ஏன் சுமக்கிறார்? ஆட்டோக் காசை மிச்சம் பிடிக்கவா? கப்பலுக்குப் பெருந்தொகை கட்டியவருக்கு ஆட்டோக் காசு ஒரு பொருட்டா? இறங்கிய ஊரைத் தன் கண்ணால், தன் வேகத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் சுமக்கிறார். கம்பனி காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை. இப்படிப்பட்ட விருந்தாளியை எந்த ஊராவது வேண்டாம் என்று சொல்லுமா?

சைக்கிளில் வருபவருக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும். அவர் நின்று நின்றுதான் போவார். நின்ற இடத்தில் இளநீர் குடிப்பார், பிளேன்டீ குடிப்பார், ரொட்டி சாப்பிடுவார், வாழைப்பழம் வாங்குவார். ரியூப்பில் காற்றுப் போனால் ஒட்டுக் கடையைத் தேடுவார். நிறையத் தூக்க முடியாது என்பதால் பெரிய சாமான் வாங்கமாட்டார், உண்மைதான். ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் கடைக்காரரின் கையிலேயே கொடுப்பார். நடுவில் கம்பனியும் இல்லை, முகவரும் இல்லை. இளநீர் விற்ற காசு அன்றிரவே அந்த வீட்டு அடுப்புக்கு வந்து சேரும். நாம் சொன்ன கணக்கு இதுதான். எவ்வளவு செலவழித்தார் என்பதை விட, செலவழித்ததில் எவ்வளவு ஊரில் தங்கியது என்று கேளுங்கள்.

இது எமது கற்பனை அல்ல. வேறு நாடுகள் இதைக் கண்டு பல காலம். நோர்வேயில் பேர்கன் நகரிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று போகும் கரையோரக் கப்பல் சேவை 1893 ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தக் கப்பல்களில் சைக்கிளை ஏற்றலாம். ஒரு துறைமுகத்தில் இறங்கி, சைக்கிளில் ஊர் பார்த்து, வேறொரு துறைமுகத்தில் ஏறுபவர்கள் உண்டு. ஜேர்மனியின் பசாவ் நகரிலிருந்து ஒஸ்ட்ரியாவின் வியன்னா வரை டான்யூப் நதிக்கரையில் 300 கிலோமீற்றருக்கும் அதிகமான சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கே பகலில் பயணிகள் சைக்கிளில் போக, அவர்களுடைய படகு ஆற்று வழியே போய் மாலையில் அடுத்த ஊரில் காத்திருக்கும். அதனால் வழியிலுள்ள சின்னச் சின்னக் கிராமங்களின் பேக்கரிகளும் தங்குமிடங்களும் பிழைக்கின்றன.

மறுபக்கம், பெருங்கப்பலை மட்டும் நம்பிய ஊர்கள் இன்று என்ன செய்கின்றன? வெனிஸ் நகரின் நடுக் கால்வாயால் பெரிய கப்பல்கள் போவதை 2021 ஓகஸ்ட் 1 முதல் இத்தாலி தடை செய்தது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற சின்ன ஊர் மக்கள் 2022 இல் வாக்களித்து, ஒரு நாளைக்கு ஆயிரம் கப்பல் பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான் என்று வரம்பு வைத்தது. இவர்களெல்லாம் டொலர் வேண்டாம் என்று சொல்லும் பைத்தியக்காரர்களா? காலையில் ஆயிரக்கணக்கில் வந்து, தெருவை அடைத்து, மாலையில் மறையும் கூட்டத்தோடு தாம் எப்படி வாழ்வது என்று பட்டறிந்து கேட்டவர்கள். நாமோ அவர்கள் வரம்பு கட்டும் இடத்திலிருந்து தொடங்கப் போகிறோம்.

எமது மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் 2023 ஜூன் மாதம் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! சீனன்குடாப் பக்கத்தில் கப்பல் கட்டும் அஷ்ரப் இறங்குதுறையை நினைத்துப் பாருங்கள். கடலும் மலையும் குடாவும் சேர்ந்த இப்படியொரு இடம் உலகில் எத்தனை ஊருக்குக் கிடைத்திருக்கிறது? ஒரு பக்கம் போனால் திருகோணமலை நகரம், பிரெட்ரிக் கோட்டை, கோட்டைக்குள் திரியும் மான்கள், கோணேசர் கோயில், கடற்கரை, மீன் சந்தை. இன்னொரு பக்கம் போனால் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தெற்கே போனால் வெள்ளைமணல், அதைத் தாண்டிக் கிண்ணியாப் பாலம். சிகிரியாவுக்கு ஓடிக் களைக்காமல் ஒரு பகலில் சைக்கிளில் போய் வரக்கூடிய இடங்கள் இவை.

சைக்கிளைக் கடல் கடத்துவது எமது மக்களுக்குப் புதினமும் அல்ல. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை அந்தக் கரைக்குப் போனவர்கள் எதில் போனார்கள்? பாதையில்தான். மீன் பெட்டி கட்டிய சைக்கிள், அரிசி மூட்டை கட்டிய சைக்கிள், பாடசாலைக்குப் போகும் ஆசிரியரின் சைக்கிள் எல்லாம் பாதையில் ஏறித்தான் கடந்தன. சைக்கிளை ஏற்றாவிட்டால் அந்தப் பாதை எதற்கு என்று கேட்டிருப்பார்கள். அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சைக்கிளோடு கப்பலால் இறங்குபவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இனி, நாம் இதைப் பேசும்போதெல்லாம் வரும் மறுப்புகள்.

"இது பணக்காரரின் விளையாட்டு, இதற்கு ஏன் நாம் மினக்கெட வேண்டும்?" ஆம், கப்பலில் வருபவர் பணக்காரர்தான். பஸ்ஸில் போகிறவரும் அதே கப்பலில் வந்த பணக்காரர்தானே? வித்தியாசம், ஒருவரின் காசு கடைக்காரரிடம் போகிறது, மற்றவரின் காசு சுற்றிச் சுற்றிக் கம்பனிக்கே போகிறது.

"ஆயிரம் பேரில் பத்துப் பேர்தானே சைக்கிள் கொண்டு வருவார்கள்?" சரி, பத்துப் பேர்தான். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் ஊரில், சைக்கிள் கொண்டு வராத இன்னும் நூறு பேர் வாடகைச் சைக்கிள் கேட்பார்கள். நடந்து போகக்கூடியவர் நடப்பார். சைக்கிள் போகக்கூடிய வீதியில்தான் மனிதர் நிம்மதியாக நடக்கவும் முடியும்.

"எமது வெயிலில் யார் சைக்கிள் ஓடுவது?" காலை ஏழு மணிக்கு இறங்குபவர் பத்து மணிக்குள் எவ்வளவோ பார்த்துவிடுவார். பிறகு நிழலில் உட்காருவார். நிழல் எங்கே இருக்கிறது? கடையில். அதுவும் எமக்கு நல்லதுதான்.

"பாதுகாப்பு?" இது நியாயமான கேள்வி. சரக்குத் துறைமுகத்துக்குள் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே யாரையும் சைக்கிள் ஓடவிட முடியாது. அதனால்தான் உலகெங்கும் இப்படியான துறைமுகங்களில் வாசல் வரை பயணிகளை பஸ்ஸில் கொண்டு போய் விடுகிறார்கள். அந்த பஸ்ஸின் பின்பக்கம் பத்துச் சைக்கிள் வைக்க இடம் ஒதுக்குவது பெரிய விஞ்ஞானமா?

கடைசியாக, எமது ஆட்டோச் சகோதரர்களின் மறுப்பு. "சைக்கிளில் போனால் எங்கட வயிற்றில் அடிக்கிறதுதானே?" இதைத்தான் நாம் அதிகம் யோசித்தோம். சகோதரர்களே, உங்கள் வயிற்றில் அடிப்பது பத்துச் சைக்கிளா, வாசலில் வரிசையாக நிற்கும் கம்பனி பஸ்களா? சொந்தக் காலில் ஊர் பார்க்க நினைக்கும் பயணி ஒருவர்தான் நாளை மனைவிக்கு ஆட்டோ பிடிப்பார், மழை வந்தால் சைக்கிளையும் மடக்கி ஆட்டோவுக்குள் வைப்பார். கம்பனி பஸ்ஸில் ஏறியவர் உங்கள் முகத்தையும் பார்ப்பதில்லை. சைக்கிள்காரர் உங்கள் போட்டியாளர் அல்ல, உங்கள் பக்கத்து ஆள்.

ஆக, நாம் கேட்பது என்ன? பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. துறைமுக வாசல் வரை சைக்கிளோடு வர ஒழுங்கு. எந்த வாசலால் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மூன்று மொழியோடு வருபவரின் மொழியிலும் எழுதிய ஒரு பலகை. பத்து, இருபது கிலோமீற்றர்ச் சுற்றுகள் இரண்டு மூன்றைக் காட்டும் ஒரு காகித வரைபடம். அதில் குடிநீர், கழிப்பறை, ஒட்டுக் கடை, பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் குறிக்கப்பட்டிருக்கட்டும். எமது சித்திரப் பாட மாணவர்களே அதை அழகாக வரைவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதான வீதியின் ஓரத்தில் சைக்கிள் போகும் அகலத்துக்குக் குழியில்லாத, வாகனம் நிறுத்தாத ஒரு துண்டு.

இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் எமது சொந்த வலியும் இருக்கிறது. அந்தத் துண்டு வீதி வெள்ளைக்காரருக்கு மட்டும் தேவையா? காலை ஏழேகால் மணிக்கு பஸ்ஸும் டிப்பரும் உரசிக்கொண்டு போகும் வீதியோரத்தில் புத்தகப் பையோடு சைக்கிள் ஓடி வருவது எமது மாணவர்கள். உல்லாசப் பயணியின் பேரில் கேட்டாலாவது அது கிடைக்காதா என்று எமக்கு ஒரு நப்பாசை. பிள்ளைகளின் பேரில் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

2022 ஐ மறந்துவிட்டீர்களா? பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. அந்த மாதங்களில் வைத்தியரும் சைக்கிளில் போனார், வங்கி முகாமையாளரும் போனார், அதிபரும் போனார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பெற்றோல் திரும்பி வந்தது, சைக்கிள் கொட்டிலுக்குள் போனது, சிரிப்பும் திரும்பி வந்தது. சைக்கிளில் வரும் ஆசிரியரைக் கண்டால் "சேருக்கு இன்னும் லோன் கிடைக்கல்லயோ" என்கிறார்கள். சாதாரண தரம் எழுதி முடிய முன்னரே மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது தகப்பனின் மரியாதையாகிவிட்டது. அந்த மோட்டார் சைக்கிள்களில் எத்தனை ஜனாஸாக்கள் திரும்பி வந்தன என்று ஒவ்வொரு ஊருக்கும் தெரியும்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ஆறாம் வகுப்பு வரை சைக்கிளில் பறந்து வரும் பிள்ளை, பெரிய பிள்ளையானதும் சைக்கிள் பறிக்கப்பட்டு, வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்காக வாசலில் காத்திருக்கிறாள். வாப்பா கடலுக்குப் போன நாளில் பாடசாலைக்கும் இல்லை, மாலை வகுப்புக்கும் இல்லை. எமது மார்க்கம் அந்தப் பிள்ளையின் சைக்கிளைப் பறிக்கச் சொல்லவில்லை, ஊர் வாய்தான் பறித்தது. கப்பலால் இறங்கிய எழுபது வயது அம்மா ஒருவர் எமது பாடசாலை வாசலைத் தாண்டிச் சைக்கிளில் போவதை அந்தப் பிள்ளை பார்க்கட்டும். ஊர் வாயும் பார்க்கட்டும். டொலர் ஒரு சதமும் வராவிட்டாலும் எமக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும்.

முஸாபிரைக் கண்ணியப்படுத்துவது எமது வழக்கம் என்று மேடைகளில் சொல்கிறோம். ஊரையே பார்க்காமல் கண்ணாடிக்குள் இருந்து போகிறவருக்கு மாலை போட்டு, மேளம் அடிக்கிறோம். எமது மண்ணைத் தொட்டு, எமது கடையில் தண்ணீர் கேட்டு வருபவரைக் கஞ்சன் என்கிறோம். இது கண்ணியமா?

அடுத்த கப்பல் வரும்போது வழமை போலப் படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மடக்குச் சைக்கிளோடு ஒருவர் இறங்கினால், சிரிப்பதற்கு முன் அவருக்கு வழி சொல்லுங்கள். கோட்டைக்கு எந்தப் பக்கம், கன்னியாவுக்கு எந்தச் சந்தியால் திரும்புவது, நல்ல எருமைத் தயிர் எந்தக் கடையில் என்று சொல்லுங்கள். நகரசபை, பிரதேச சபை உறுப்பினர்கள் எவராவது இதை வாசித்தால், அந்த வீதியோரத் துண்டை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். பேசினீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தால், நாங்களும் மாணவர்களும் வரைபடத்தோடு வந்து நிற்போம், இன்ஷா அல்லாஹ்.